பெயர் வரும் இடத்தில் பிடில்

அம்சவள்ளிக்குச் சினிமாப் பாட்டு ஒன்றுகூட முழுசாகத் தெரியாது. மெட்டு தெரியும், வார்த்தை தெரியாது. அதற்குக் காற்றைத்தான் குறை சொல்ல வேண்டும்.

அவள் பிறந்தது பெரம்பலூருக்குப் பக்கத்தில் துறைமங்கலம். பெரம்பலூரில் டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டிருக்கும் மாதங்களில், பொழுது சாயும்போது கொட்டகைக்கு மேலே கட்டிய குழாயில் கிராமபோன் பிளேட்டுப் பாட்டு வைப்பார்கள். வெங்காயக் காட்டில் களை வெட்டிவிட்டு வரப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்தப் பாட்டு காடு தாண்டி, ஏரி தாண்டி வந்து சேரும். வரும் வழியில் வார்த்தையெல்லாம் சிந்திப் போயிருக்கும். மெட்டு மட்டும் ஒரு சொட்டுக் குறையாமல் வரும். வெறும் மெட்டை வைத்துக்கொண்டு எத்தனை நேரம் முனகிக்கொண்டிருப்பது? அவளே வார்த்தை போட்டுக்கொண்டாள். ராசகுமாரி நந்தவனத்தில் பாடிய பாட்டுக்குள் வெங்காயத் தாள் வந்து நின்றது. எதிர்வீட்டுக் கிடாக்குட்டி வந்து நின்றது. படம் பார்த்தவர்கள், அது அப்படியில்லை என்று திருத்துவார்கள். அவள் கேட்கமாட்டாள். என் காதுக்கு இப்படித்தான் வந்தது, நான் இப்படித்தான் பாடுவேன் என்பாள். பிடிவாதம் அவளுக்குப் பிறக்கும்போதே பல்லோடு வந்தது.

கலியாணம் ஆகி அவள் வந்து சேர்ந்த ஊர் கல்லங்குறிச்சி. அரியலூருக்குக் கிழக்கே ஒரு மணி நேர நடை, இரண்டு பக்கமும் கடலைக்காடு. அங்கே பெருமாள் கம்பமாக நிற்கிறார். மாட்டுக்காரன் ஒருவனுடைய சினைப்பசு காணாமல் போய், நாள்கணக்காக அலைந்தவனுக்கு அந்தக் கம்பத்தடியில்தான் பசு அகப்பட்டதாம். ஆகவே ஆடு மாடு தொலைந்தாலும், ஆள் தொலைந்தாலும் சனங்கள் அவரிடம்தான் முறையிடுவார்கள். அவர் பெயர் வரதராசப் பெருமாள். ஊரில் இரண்டு வீட்டுக்கு ஒரு வரதராசு இருப்பான். அம்சவள்ளிக்கு வாய்த்தவனும் ஒரு வரதராசு.

புருஷன் பெயரைச் சொல்கிற பெண் அன்றைக்குக் கிடையாது. சொன்னால் அவன் ஆயுசு குறையும். அதனால் வரதராசுகளுக்கு வாழ்க்கைப்பட்ட பெண்களெல்லாம் சாமியையும் பெயர் சொல்லிக் கும்பிடமாட்டார்கள். 'கம்பத்தையா' என்பார்கள். பெருமாள் அதைக் குறையாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

கலியாணமான மறு வருஷம் மழை இல்லை. வரதராசு நாகப்பட்டினம் போய்ப் பினாங்குக்குக் கப்பல் ஏறினான். மூன்று வருஷம் கடிதாசி வந்தது. அதன் பிறகு சப்பான்காரன் சண்டை வந்தது, கடிதாசி நின்றது. சண்டையும் நின்றது. நின்ற கடிதாசி நின்றபடியே இருந்தது.

அந்த வருஷங்களில் அம்சவள்ளி கடலைக்காட்டில் களை வெட்டினாள், கொடி பிடுங்கினாள், பாடினாள். அவள் பாட்டில் ஒரு முறை உண்டு. மெட்டு எல்லாக் காட்டுக்கும் ஒன்றுதான், வார்த்தை மட்டும் காட்டுக்குக் காடு மாறும். கிழக்குக் கொல்லையில் பாடினால் அந்தக் கொல்லைக் கிணறும், ஏற்றக்காரனும், கொம்பு மழுங்கின காளையும் பாட்டில் வரும். மறுநாள் வேறு காட்டில் அதே மெட்டில் வேறு காளை வரும். அவள் கூட்டத்தில் களை வெட்டும் பெண்கள், இன்றைக்கு யாரை இழுக்கப் போகிறாய் என்று காலையிலேயே கேட்டு வைத்துக்கொள்வார்கள்.

நாற்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் கொழுந்தன் இளையபெருமாள் ஜெயங்கொண்டம் சந்தைக்குப் போய்விட்டு வந்து முற்றத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். பினாங்கிலிருந்து திரும்பிய ஒருவனைச் சந்தையில் பார்த்தானாம். வரதராசு இருந்த தோட்டத்து ஆட்களை ரயில் பாதை போடக் காட்டுக்குள் கொண்டுபோனார்களாம். போனவர்களில் பத்துக்கு இரண்டு பேர்கூடத் திரும்பவில்லையாம். வரதராசுவை அவன் கண்ணால் பார்த்தானா என்று அம்சவள்ளி கேட்டாள். பார்க்கவில்லை. செத்ததைப் பார்த்தானா? அதையும் பார்க்கவில்லை. பிறகென்ன பேச்சு என்று அவள் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

ஆனால் மாமியார் ஆண்டாயிக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. ஆண்டாயி கெட்டவள் இல்லை. மகன் உயிரோடு இருந்தால் எங்கேயோ தின்பான். இல்லையென்றால் எள்ளும் தண்ணீரும் இறைக்க ஆளில்லாமல் பசியோடு அலைவானே என்பதுதான் அவள் தவிப்பு. அந்த அமாவாசைக்குக் காரியம் செய்துவிடலாம் என்று பங்காளிகளைக் கூட்டினாள். காரியம் செய்தால் அம்சவள்ளி கழுத்துத் தாலி இறங்கும்.

"அத்தை, எட்டு வருசமா அவங்க பேரு எவ்வாயில வந்ததில்ல," என்றாள் அம்சவள்ளி, அத்தனை பேர் முன்னாலும். "என்னிக்கி அது எவ்வாயில வருதோ, அன்னிக்கி நானே அவங்கள இல்லன்னு முடிவு கட்டிட்டேன்னு வச்சிக்குங்க. நீங்க சொல்றதுக்கு முந்தி நானே தாலியக் கழட்டி ஒங்க மடியில போடுறேன். அதுவரைக்கும் எள்ளுப்பானையத் தொடாதீங்க."

பங்காளிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டாயி, சரி, உன் வாயே சொல்லட்டும் என்றாள். எள்ளுப்பானை பரணுக்குப் போயிற்று. அதை ஊரில் தெரியாதவர் கிடையாது.

ரேடியோ விஷயம் அதற்கு அடுத்த மாதம் வந்தது. ஊர்ச் சாவடியில் சர்க்கார் வைத்த ரேடியோப் பெட்டி ஒன்று உண்டு. இரண்டு மூங்கில் நட்டு நடுவே கம்பி கட்டி, பெட்டிக்குப் பூட்டுப் போட்டிருக்கும். சாவி பள்ளிக்கூட வாத்தியார் சவரிமுத்துவிடம். அவர் ஏலாக்குறிச்சிக்காரர். சாயங்காலம் சாவியைத் திருப்பினால் திருச்சியிலிருந்து நாட்டுப்புறத்தாருக்கான நிகழ்ச்சி வரும். உர விஷயம், மாட்டுக்குக் கோமாரி, நடுவில் பாட்டு. அந்த வருஷம் ரேடியோக்காரர்களுக்கு ஒரு யோசனை தோன்றியிருந்தது. பட்டிதொட்டியெல்லாம் தெரிந்த ஒரு சினிமா மெட்டை எடுத்துக்கொண்டு, எந்த ஊரில் திருவிழாவோ அந்த ஊருக்கென்று வார்த்தை மாற்றிப் பாடவைப்பது. சமயபுரத்துக்குப் பூச்சொரிதலன்று ஒரு வார்த்தை, ஸ்ரீரங்கத்துத் தேரன்று ஒரு வார்த்தை. தங்கள் ஊர்ப் பெயர் பெட்டிக்குள்ளிருந்து வரக் கேட்டால் சனங்கள் உர விஷயத்தையும் சேர்த்துக் கேட்பார்கள் என்பது அவர்கள் கணக்கு.

ராமநவமித் தேருக்குக் கல்லங்குறிச்சியின் முறை என்று தெரிந்ததும் சவரிமுத்து அம்சவள்ளியைக் கூப்பிட்டுப் பாடச் சொல்லி, வார்த்தையை எழுதித் திருச்சிக்கு அனுப்பினார். மெட்டு அப்போது எல்லார் வாயிலும் புரண்டுகொண்டிருந்தது. படத்தில் பிரிந்துபோன காதலியை ராசகுமாரன் தேடிக்கொண்டு போவான். ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் மெட்டு மேலே ஏறும், அந்த உச்சியில் அவள் பெயரைச் சொல்லி அழைப்பான். அந்த உச்சியில் அம்சவள்ளி பெருமாளை வைத்தாள்:

தொலைஞ்ச பசுவத் தேடித் தந்த
தூணில் நின்ன எங்க சாமி
அலைஞ்ச காலு வூடு சேர
கம்பத்தையா, வாருமய்யா.

வா என்று பதில் வந்தது. வாத்தியாரால் ரேடியோப் பெட்டியை விட்டு நகர முடியாது. அவர் சம்சாரம் சாந்தி மேரிக்குத் திருச்சியில் அக்காள் வீடு இருந்ததால் அவள் துணைக்குப் புறப்பட்டாள். தேரன்று காலை அரியலூரில் ரயில் ஏறினார்கள். அம்சவள்ளிக்கு அது முதல் ரயில். கடலைக்காடும் பருத்திக்காடும் பின்னுக்கு ஓடி, கொள்ளிடத்துப் பாலம் வந்ததும் ரயிலின் சத்தம் மாறியது. அடியில் ஒரே மணல். மணலின் நடுவே முந்தானையைப் பிழிந்து உலர்த்தியதுபோல் ஒரு கீற்றுத் தண்ணீர். பாலத்தின் தடதடப்புக்கு வார்த்தை தானாக வந்து உட்கார்ந்தது. அவள் கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டே போனாள். இதே பாதைதானே நீண்டு நீண்டு கடலைத் தொடும், கடலைத் தாண்டி அங்கேயும் ஒரு ரயில் பாதை இருக்கும், அந்தப் பாதை ஓரத்தில் ஒருவன் மண்வெட்டியை ஊன்றி நின்று நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டிருப்பான் என்று அவளுக்குத் தோன்றியது. அவன் முகம் எட்டு வருஷத்துக்கு முந்தின முகம். அதற்கு மூப்பு ஏற்ற அவளுக்குத் தெரியவில்லை.

"என்னடி அம்சா, தூக்கமா?" என்றாள் சாந்தி மேரி.

"இல்லீங்க வாத்தியாரம்மா. பாட்டுப் பாத்துக்கிட்டிருக்கேன்."

ரேடியோ ஆபீசில் நிகழ்ச்சி பார்க்கிறவர் பஞ்சநாதன் என்று ஒருவர். நல்ல மனிதர், அவசரக்காரர். அவர் ஒரு காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, எல்லாம் பிரமாதம், ஒரே ஒரு வார்த்தை மட்டும் மாற்றியிருக்கிறது என்று படித்துக் காட்டினார். 'கம்பத்தையா' போயிருந்தது. அந்த இடத்தில் 'வரதராசா' இருந்தது.



அவர் காரணம் சொன்னார். கம்பத்தையா என்றால் உங்கள் ஊருக்குப் புரியும், தஞ்சாவூரில் கேட்கிறவனுக்கு எந்தச் சாமி என்று தெரியாது. ஊருக்காகப் பாட்டை மாற்றுகிறோம் என்று சொல்லிவிட்டு, அந்த ஊர்ச் சாமி பெயரே இல்லாமல் பாட முடியுமா? மேலே காட்டிக் கையெழுத்து வாங்கிய காகிதம் இது. பாடப் பாட அப்படியே காற்றில் போகிற நிகழ்ச்சி, இதில் உள்ளதைத்தான் பாட வேண்டும். இல்லையென்றால் அந்த நேரத்துக்கு ஏதாவது பிளேட்டு வைத்துவிடச் சொல்வார்கள்.

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். சாந்தி மேரிதான் விஷயத்தை மெல்லச் சொன்னாள். பஞ்சநாதன் காகிதத்தைக் கீழே வைத்தார்.

"வீட்டுக்காரர் எங்கேம்மா இருக்காரு?"

"பினாங்குல இருக்காங்க."

இருக்காங்க என்று அவள் சொன்ன அழுத்தத்தில் அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. இது சாமி பெயர்தானே, கும்பிடுகிறபோது சொன்னால் குற்றமில்லையே என்று மட்டும் சொல்லிப் பார்த்தார். அவளுக்கும் அது தெரியும். ஆனால் கல்லங்குறிச்சிச் சாவடியில் தேருக்கு வந்த சனமெல்லாம் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருக்கும். முன்வரிசையில் ஆண்டாயி காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவள் வாயிலிருந்து அந்தப் பெயர் வந்ததும் சாமி பெயரா புருஷன் பெயரா என்று யார் பிரித்துப் பார்க்கப் போகிறார்கள்? சொன்ன சொல் சொல்தான். பரணிலிருந்து எள்ளுப்பானை இறங்கும்.

"நீங்க அந்த ஒரு வார்த்தை மட்டும் கூடப் பாடுங்களேன்," என்று சாந்தி மேரியைக் கேட்டார் பஞ்சநாதன்.

"எனக்கு மாதா கோயில் பாட்டுக்கே தொண்டை வராதுங்க சார். பக்கத்துல நிக்கிறவங்க நகந்து போயிடுவாங்க."

பாடாமல் திரும்பிவிடலாம். ஆனால் ஊர் காத்திருக்கும். அதைவிட, அலைந்த கால் வீடு சேர வேண்டும் என்று அவள் கட்டிய வார்த்தை காற்றில் ஏறாமலே போய்விடும். காற்றில் ஏறினால் அது எங்கெங்கே போகுமென்று யார் கண்டது? துறைமங்கலத்துக்கு ஏரி தாண்டி வந்ததில்லையா? அவள் பாடுகிறேன் என்றாள். எப்படிப் பாடப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

உள்ளே ஓர் அறை. சுவரெல்லாம் மெத்தை தைத்ததுபோல் இருந்தது. செருமினால்கூடச் சத்தம் அவிந்துபோயிற்று. காற்றே இல்லாத இடத்திலிருந்தா காற்றில் பாட்டு அனுப்புகிறார்கள் என்று அவளுக்கு அதிசயமாக இருந்தது. பிடில் வாசிக்க வயதான ஒருவர் பாயில் உட்கார்ந்திருந்தார். மத்தளத்துக்கு ஒருவர். பிடில்காரர் அவளை ஒருதரம் பாடச் சொல்லிக் கேட்டு, நீ உன் பாட்டுக்குப் போ தாயே, நான் பின்னாலேயே வருகிறேன் என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பஞ்சநாதன் கையைத் தூக்கினார். சிவப்பு விளக்கு எரிந்தது.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடினதும் அறை இல்லை. கடலைக்கொல்லை வந்தது. வெயில் தாழ்ந்து, கடலைப்பூ மஞ்சளாகப் பொட்டுப் பொட்டாக மண்ணுக்குச் சமமாய்க் கிடந்தது. தொலைஞ்ச பசுவத் தேடித் தந்த என்று எடுத்தாள். பிடில் அவள் குரலுக்கு அரை அடி பின்னால், வரப்பில் பின்தொடரும் நிழலைப்போல் வந்தது. தூணில் நின்ன எங்க சாமி. அலைஞ்ச காலு வூடு சேர. மெட்டு ஏறியது. உச்சி வந்தது.

வாய் மூடிக்கொண்டது. அவள் மூடவில்லை, அதுவாக மூடிக்கொண்டது. காகிதத்தில் இருந்ததை மாற்றிப் பாடவும் மனம் வரவில்லை, அதில் இருந்ததைச் சொல்லவும் நாக்கு எழவில்லை. குரல் நின்றது தெரியாமல் பிடில் மட்டும் தனியாக நடந்துபோய் அந்த இடத்தை ஏறி இறங்கியது. அது இறங்கிய இடத்தில் அம்சவள்ளி காத்திருந்து, 'வாருமய்யா' என்று எடுத்துக்கொண்டாள்.

கண்ணாடிக்குப் பின்னால் பஞ்சநாதன் பாதி எழுந்துவிட்டார். பிளேட்டு வைக்கிற ஆள் அவர் முகத்தைப் பார்த்தான். அவர் கை அந்தரத்திலேயே நின்றது. அடுத்த சரணம் தொடங்கியிருந்தது. பாட்டு பாதியில் கைவிடப்பட்ட மாதிரியும் இல்லை, தவறின மாதிரியும் இல்லை. அவர் மெல்ல உட்கார்ந்துவிட்டார்.

இரண்டாவது தடவை உச்சி வந்தபோது கிழவர் தயாராக இருந்தார். கம்பியில் வில்லை அழுத்தி நிதானமாக இழுத்தார். பெயரைச் சொல்லாமல் சொல்கிற மாதிரி, தூரத்தில் போகிறவனை மேட்டில் ஏறிநின்று கூப்பிடுகிற மாதிரி. அம்சவள்ளிக்கு மூடிய கண்ணுக்குள் நீர் முட்டியது. குரல் மட்டும் நடுங்கவில்லை. வாருமய்யா. மூன்றாவது தடவையும் அப்படியே. வாருமய்யா, வாருமய்யா என்று இரண்டு தரம் சொல்லி முடித்தாள். சிவப்பு விளக்கு அணைந்தது.

பஞ்சநாதன் உள்ளே வந்தார். கோபிக்கலாம் என்றுதான் வந்திருப்பார்.

"ஒரு வார்த்தை குறைஞ்சு போச்சேம்மா."

"குறையலீங்க. எங்கிட்ட பத்திரமா இருக்கு."

பிடில்காரர் வில்லைத் துடைத்துக்கொண்டே, எல்லாம் சரியாகத்தான் வந்தது, காகிதத்தை மடித்து வையும் என்றார்.

அன்றிரவு சாந்தி மேரியின் அக்காள் வீட்டில் படுத்தார்கள். தன் பாட்டை ஊரே கேட்டிருக்கும், தான் ஒருத்திதான் கேட்கவில்லை என்ற எண்ணம் அம்சவள்ளிக்கு விநோதமாக இருந்தது. மறுநாள் மத்தியானம் அரியலூரில் இறங்கிக் கல்லங்குறிச்சிக்கு நடந்தார்கள். தேர் நிலைக்கு வந்துவிட்டிருந்தது. ஊர் எல்லையில் சவரிமுத்து வாத்தியார் எதிரே வந்தார். சம்சாரத்திடம் சேமம் கேட்கக்கூட மறந்து, நின்ற இடத்திலேயே சொல்லத் தொடங்கினார்.

முதல் தடவை குரல் நின்றதும் பெட்டி கெட்டுவிட்டது என்று அவர் பதறிப்போய்ச் சாவியில் கைவைத்தாராம். பிடில் கேட்டுக்கொண்டிருந்ததால் கையை எடுத்தாராம். சனங்களும் முணுமுணுத்தார்களாம். சிலருக்கு உடனே விளங்கிவிட்டது, பெண்களுக்குத்தான் முதலில். அம்சவள்ளி சொல்லவில்லை, சொல்லமாட்டாள் என்று ஒருத்தி காதில் ஒருத்தி சொன்னார்களாம். இரண்டாவது தடவை பெட்டியில் குரல் நின்று பிடில் ஏறியபோது, முன்வரிசையிலிருந்து ஆண்டாயி எழுந்துவிட்டாள். எழுந்து, அந்த மெட்டு நின்ற இடத்தில், தன் வயதுக்கு எங்கிருந்து வந்ததோ அந்தக் குரல், 'வரதராசா' என்று கூப்பிட்டாள். பெட்டிக்குள்ளிருந்து மருமகள் 'வாருமய்யா' என்றாள். மூன்றாவது தடவை சாவடியில் உட்கார்ந்திருந்த ஒருவரும் சும்மா இருக்கவில்லை. தேர்வடம் பிடித்த கையோடு வந்த ஆட்கள், வெளியூர்ச் சனம், கைப்பிள்ளைக்காரிகள் எல்லாரும் கூப்பிட்டார்கள். அவர்கள் பெருமாளைக் கூப்பிட்டார்களா, ஆண்டாயி மகனைக் கூப்பிட்டார்களா என்று வாத்தியாருக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் கிறிஸ்தவ வேதக்காரர். தானும் கூப்பிட்டதைச் சம்சாரத்தின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

அம்சவள்ளி வீட்டுக்கு நடந்தாள். ஆண்டாயி முற்றத்தில் முறத்தைப் போட்டுக்கொண்டு கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மருமகளை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி முறத்தைப் பார்த்தாள். பரணுக்குக் கீழே எள்ளுப்பானை காலியாகக் கவிழ்ந்து கிடந்தது. எள்ளை வறுத்து வெல்லம் போட்டு இடித்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள்.

"எம்புள்ளைய ஊரே கூப்புட்டுருக்குடி," என்றாள் ஆண்டாயி. "கூப்புட்டுட்டு, அவன் வந்து சேர்றதுக்குள்ள எப்புடிக் காரியம் பண்றது? மரியாதையா? இளையபெருமாளுகிட்டயும் சொல்லிட்டேன். இனிமே அந்தப் பேச்சு எடுத்தா வூட்டுல சோறு கெடையாதுன்னு."

அம்சவள்ளி மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்து முறத்திலிருந்து ஒரு கை கடலையை எடுத்துக்கொண்டாள். சிறிது நேரம் இரண்டு பேரும் உடைத்தார்கள். பிறகு ஆண்டாயி, பெட்டி நேற்று முதல் அடியில் கரகரவென்று இரைந்தது, சரியாக விழவில்லை, எடுத்துப் பாடு என்றாள்.

அவள் பாடினாள். பசு வந்தது, தூண் வந்தது, அலைந்த கால் வந்தது. மெட்டு ஏறி உச்சியில் நின்றதும் வாயை மூடிக்கொண்டு மாமியாரைப் பார்த்தாள். ஆண்டாயி கையில் இருந்த கடலையைக் கீழே வைத்துவிட்டு, வாசல் பக்கம் திரும்பி, மகனை எப்போதும் சாப்பிடக் கூப்பிடும் குரலில் பெயரைச் சொன்னாள். அடுத்த வார்த்தையை அம்சவள்ளி உடனே எடுக்கவில்லை. தெருவில் இருப்பவன் அந்தக் குரலைக் கேட்டு, காலைக் கழுவிக்கொண்டு வருவதற்கு எவ்வளவு நேரமாகுமோ, அவ்வளவு நேரம் விட்டு எடுத்தாள்.